கிளஸ்டரில் இயங்கும் வைல்ட்ஃப்ளை சர்வர்களுக்கு மெசேஜிங் அமைத்தல்

ஜாவா பயன்பாடுகளை இயக்கும் வைல்ட்ஃப்ளையில், மெசேஜிங் (நிரல்களுக்கு இடையே செய்தி அனுப்புதல்), கிளஸ்டரிங் (பல சர்வர்களை ஒரு குழுவாக இணைத்தல்) இரண்டும் அடங்கிய ஃபுல்-எச்ஏ கட்டமைப்பில் ஒவ்வொரு நோடையும், அதாவது குழுவிலுள்ள ஒவ்வொரு சர்வரையும், தனிப் பெயருடன் தொடங்குங்கள். கிளஸ்டர் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எல்லா நோடுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உடன்வரும் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது ஆபத்து.

பலர் கவனிக்கத் தவறுவது மறுபகிர்வுத் தாமதத்தைத்தான் (redistribution-delay): தேங்கிய செய்திகளை வேறு நோடுக்கு மாற்றுமுன் காத்திருக்கும் நேரம் அது. அதைக் குறிப்பிடாவிட்டால், வைல்ட்ஃப்ளையின் மெசேஜிங் இயந்திரமான ஆர்ட்டெமிஸ் -1, அதாவது மறுபகிர்வு இல்லை, என்றே கொள்ளும். அந்நிலையில், கன்ஸ்யூமர் (செய்திகளைப் பெறும் நிரல்) இல்லாத நோடில் தேங்கிய செய்திகள், பக்கத்து நோடில் கன்ஸ்யூமர் காத்திருந்தாலும் நகராமல் அங்கேயே கிடக்கும். 1000 (மில்லிவிநாடி) என்று கொடுத்தால், கடைசிக் கன்ஸ்யூமர் விலகி ஒரு விநாடி கழித்து அவை இடம்மாறத் தொடங்கும். சுமைப்பகிர்வு, கன்ஸ்யூமர் உள்ள நோடுகளுக்கே செய்திகளை அனுப்பும் ஆன்-டிமாண்ட் முறையில் இருப்பதையும் உறுதிசெய்யுங்கள்.

ஒரு நோடை நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கினால், நகலில் உள்ள மெசேஜிங் ஜர்னல் கோப்புறையை (செய்திகள் வட்டில் சேமிக்கப்படும் இடம்) நீக்கிய பிறகே புதியதை இயக்குங்கள்: நோட் அடையாளமும் அதில்தான் இருப்பதால், நீக்காவிட்டால் இரு சர்வர்கள் ஒரே அடையாளத்தை அறிவிப்பதாக லாகில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.