பொப்கோர்னைப் பையில் கட்டுமுன்

போன கிழமை பெறாமகள் வீட்டில் பிறந்தநாள் ஆயத்தம். போய்ப் பார்த்தால், பொரித்த பொப்கோர்னை ஆவி பறக்கப் பறக்கப் பொலித்தீன் பைகளில் அள்ளிப் போட்டு, றப்பர் பாண்டால் கட்டிக்கொண்டிருக்கிறாள். "நில்லு பிள்ளை!" என்று கத்தியேவிட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் ஆடிய அதே கூத்து.

மூடாமல் விட்டால் குசினி முழுக்கப் பறக்கும் என்பதெல்லாம் ஒருதரம் பொரித்தாலே விளங்கிவிடும். விளங்காத சிலதைச் சொல்கிறேன்.

எந்தச் சோளமும் பொரியும் என்று நினைப்பது

கோழித்தீன் சோளம் பொரியாது. பொப்கோர்ன் சோளம் என்றே கேட்டு வாங்குங்கள்.

சீனியை முதலிலேயே போடுவது

சோளம் வெடிக்கக் கிட்டத்தட்ட 180 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். சீனி அதற்கு முன்பே சிவக்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த எண்ணெயில் போட்டால், முதல் மணி வெடிக்கும்போது சீனி கருகிக் கசந்திருக்கும். மூன்று மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் மூன்று மணியைப் போட்டுப் பாருங்கள். அவை வெடித்த பிறகு அரைக் கோப்பைச் சோளமும் மூன்று மேசைக்கரண்டி சீனியும் போட்டு, கை ஓயாமல் சட்டியைக் குலுக்குங்கள். வெடிச்சத்தம் இரண்டு மூன்று செக்கனுக்கு ஒன்றாகக் குறைந்ததும் கொட்டிவிட வேண்டும். மிச்ச நாலு மணியும் வெடிக்கட்டும் என்று நிற்கிற ஆட்களுக்குக் கடைசியில் கரிதான் கிடைக்கும்.

கல்லுப்பு

ஆனையிறவு உப்பாகவே இருக்கட்டும், கல்லாகத் தூவினால் அடியில்தான் போய்க் கிடக்கும். கிரைண்டரில் மாவாக அரைத்து, சீனி இளகியிருக்கும்போதே தூவுங்கள்.

மேலே மாஜரின் ஊற்றுவது

வேண்டாம். அதில் தண்ணீர் இருக்கிறது.

சூட்டோடு கட்டுவது

என் மூத்தவனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அறுபது பிள்ளைகள். காலமை வேலை மிச்சம் என்று, முதல் நாள் இரவே இரண்டு கிலோ சோளம் பொரித்தேன். ஒருமுறைக்கு அரைக் கோப்பை, அதாவது நூறு கிராம். இருபது தரம் சட்டி வைத்தேன். சூடு ஆறினால் மொறுமொறுப்புப் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி, இறக்க இறக்க என் கணவரும் நானும் பையில் போட்டுக் கட்டினோம். விடிய எழும்பிப் பார்த்தால் பைகளுக்குள்ளே பனி பிடித்தது போல நீர்த்துளி. ஒன்றை எடுத்துக் கடித்தேன். சவ்வு மாதிரி இழுபட்டது. சீனி கரைந்து விரலெல்லாம் பிசுபிசு. அறுபது பையும் வீண். வந்த பிள்ளைகளுக்குக் கடைப் பிஸ்கட் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

காரணம் சின்னது. சோள மணியின் எடையில் 14 வீதம் அளவு தண்ணீர். அது ஆவியாகித் தோலை உடைப்பதால்தான் சோளம் வெடிக்கிறது. என்னுடைய இரண்டு கிலோவில் 280 கிராம் தண்ணீர் இருந்திருக்கும், ஒரு தேத்தண்ணீர்க் கோப்பைக்கு மேல். பெரும்பகுதி வெடிக்கும்போதே போய்விடும். மிச்சம் பொரி ஆறுமட்டும் வந்துகொண்டே இருக்கும். பையைக் கட்டினால் அது எங்கே போகும்? பொரிக்கும்போது மூடியைச் சற்றே விலக்கி வைக்கச் சொல்வதும் இதற்குத்தான். நல்லூர்த் திருவிழாவில் கச்சான் விற்கிற அம்மா ஒருவர் சுடச்சுடக் கடதாசிச் சுருளில் தருவார், பொலித்தீனில் கட்டுவதென்றால் ஆறவிட்டுத்தான் கட்டுவார். எத்தனை வருடம் அதைப் பார்த்துக்கொண்டே வாங்கித் தின்றிருக்கிறேன்!

அகலத் தட்டில் ஒரே படையாகப் பரப்பி, கட்டிகளை உதிர்த்து, கையில் சூடு தெரியாமல் போகும்வரை விடுங்கள். சீனிப் பூச்சு அப்போதுதான் இறுகும். அதற்காக இரவு முழுக்கத் திறந்தும் வைக்கக்கூடாது, மாரி காலத்தில் கேட்கவே வேண்டாம், காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். ஆறியதும் பிஸ்கட் ரின்னில் போட்டு இறுக்கி மூடிவிடுங்கள்.

பெறாமகள் கட்டிய பதினெட்டுப் பையையும் அவிழ்த்துக் கொட்டினோம். "பெரியம்மா, இதைத் திரும்பச் சூடாக்கினால் சரிவராதோ?" என்றாள். வெறும் உப்புப் பொரி என்றால் மெல்லிய நெருப்பில் வெறும் தாச்சியில் பிரட்டி எடுக்கலாம். சீனி போட்டது இளகி ஒன்றோடொன்று ஒட்டும். நல்லகாலம், கட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.