செயற்கைப் புல் ஆடுகளம்: பராமரிப்பிலும் பழுதுபார்ப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், வெட்ட வேண்டாம் என்பதற்காகவே பலர் வீட்டின் பின்புற ஆடுகளத்துக்குச் செயற்கைப் புல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அதைக் கவனிக்கவே வேண்டாம் என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் பச்சை இழைகள் இந்தத் தரையின் மேற்பகுதி மட்டுமே. அவற்றுக்கு இடையே நிரப்பிய மணல், இழைகளைத் தைத்திருக்கும் அடித்துணி, அதற்கும் கீழே இறுக்கிச் சமன் செய்த ஜல்லிப் படுகை ஆகியவை சேர்ந்துதான் ஆட்டத்தைத் தாங்குகின்றன. நான் பார்த்தவரை, கீழே இருக்கும் கோளாறை மேலேயே மறைத்துவிட முயல்வதால்தான் சிறிய பழுதுகள் பெரிதாகின்றன.

மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது மணல். இழைகளை நிமிர்த்திப் பிடிப்பதும், தன் எடையால் விரிப்பைத் தரையோடு அழுத்தி வைப்பதும், வெயில் அடித்துணியில் நேரடியாகப் படாமல் மறைப்பதும் மணல்தான். ஆட ஆட அது நடுவிலிருந்தும் கோல் முன்பகுதியிலிருந்தும் நகர்ந்து ஓரங்களில் குவியும். அதிகம் ஆடப்படும் இடத்தில் இழைகளை விரல்களால் விலக்கிப் பாருங்கள். மணலுக்குப் பதிலாக அடித்துணியே கண்ணில் பட்டால், அங்கு ஒவ்வொரு காலடியும் இழைகளை வேரோடு மடக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் பலர் உடனே புது மணலை வாங்கிக் களம் முழுவதும் ஒரே அளவாகக் கொட்டுகிறார்கள். முதலில் ஓரங்களில் குவிந்திருப்பதை உள்ளே இழுத்துப் பரப்பி, அதன் பிறகும் குறைகிற இடங்களில் மட்டும் சேர்ப்பதே முறை. டென்னிஸுக்கான குட்டை இழைத் தரையில் மணலுக்கு மேலே 2 முதல் 3 மி.மீ. இழை நுனி தெரிய வேண்டும்.

மணலின் வகையிலும் கவனம் தேவை. கட்டுமான மணலில் உள்ள களிமண் துகள்கள் வடிகால் துளைகளை அடைத்துவிடும். கூர்மையான விளிம்புள்ள மணல் இழைகளை உரசித் தேய்த்துவிடும். கழுவி உலர்த்திய, உருண்ட சிலிக்கா மணலே ஏற்றது. தரையோ மணலோ ஈரமாக இருந்தால் அது கட்டியாகி இழைகளின் மேலேயே நின்றுவிடும் என்பதால், இரண்டும் நன்கு காய்ந்திருக்கும் நாளில் மெல்லிய அடுக்காகத் தூவ வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் பிரஷ்ஷால் கீழே இறக்கிய பிறகே அடுத்ததைத் தூவலாம்.

அந்தப் பிரஷ் நைலான் முடி உடையதாக இருக்கட்டும். கம்பி பிரஷ் இழைகளை நார் நாராகக் கிழித்துவிடும். இழைகள் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகத் தேய்த்தால்தான் அவை நிமிரும். பிரஷர் வாஷரை அருகில் பிடித்து அடிப்பது மணலைக் கிளப்பி, விரிப்பின் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளில் உள்ள பசையையும் தளர்த்தும் வேலை. தோட்டக் குழாய்த் தண்ணீரே பெரும்பாலும் போதும். உதிர்ந்த இலைகளை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அவை மக்கி மணலோடு கலந்து மண்ணாகிவிடும். நிழல் விழும் பக்கத்தில் வழுக்கும் பாசியும், இணைப்புகளில் களையும் முளைப்பது பெரும்பாலும் அதனால்தான்.

பழுதுபார்ப்பில் அதிகம் கெட்டுப்போவது பிரிந்த இணைப்பு. பிளவுக்குள் மேலிருந்தே பசையை ஊற்றி அழுத்துவது பரவலான வழக்கம். ஆனால், பெரும்பாலான இழைகள் பாலிஎத்திலீன் என்பதால் பசை அவற்றில் பிடிக்காது. இழைகளைக் கட்டியாக்கிவிட்டு, சில நாட்களில் உரிந்து வந்துவிடும். ஆணி அடித்து நிறுத்துவது இதைவிட மோசம், ஏனெனில் தலை தூக்கிய ஓர் ஆணி போதும், விழுகிற பிள்ளையின் முழங்கால் கிழிந்துவிடும். பிளவின் இரு பக்கமும் ஓரடி அகலத்துக்கு மணலை ஒதுக்கிவிட்டு, விளிம்புகளை மடக்கித் திறந்து, அடித்துணியில் ஒட்டியிருக்கும் பழைய பசையையும் மணலையும் சுரண்டி எடுக்க வேண்டும். பிளவின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே புதிய இணைப்பு நாடாவை விரித்து, செயற்கைப் புல்லுக்கென்றே உள்ள பசையைத் தடவி, இடையில் இழைகள் சிக்காதவாறு விளிம்புகளை இறக்க வேண்டும். இரு விளிம்புகளுக்கும் நடுவே விடும் இடைவெளி, விரிப்பில் ஒரு தையல் வரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அளவே இருக்க வேண்டும். நெருங்கினால் மேடாகப் புடைக்கும், விலகினால் கோடாகத் தெரியும். இந்த வேலையை உச்சி வெயிலில் செய்யக் கூடாது. வெப்பத்தில் விரிந்திருக்கும் விரிப்பு இரவில் சுருங்குவதால், மதியம் கச்சிதமாகச் சேர்ந்த இணைப்பு காலையில் வாய் பிளந்து நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒட்டிய இடத்தின் மேல் எடை வைத்து, பசை டப்பாவில் குறிப்பிட்ட நேரம் முழுவதும் கழிந்த பின்னரே மணலை நிரப்பி ஆட வேண்டும்.

கிழிந்த இடத்துக்குத் துண்டு வைக்கும்போது இழையின் சாய்வுத் திசையைப் பார்க்காமல் வெட்டினால், அந்தத் துண்டு எந்த வெளிச்சத்திலும் வேறு நிறமாகவே தெரியும். மேலிருந்து வெட்டினால் இழைகளும் சேர்ந்து அறுபடும். திருப்பிப் போட்டு, பின்புறத்தில் இரண்டு தையல் வரிசைகளுக்கு நடுவே கூர்மையான கட்டரை ஓட்ட வேண்டும். வெயிலில் வெளுத்த களத்தில் புதுத் துண்டு பளிச்சென்று தனித்துத் தெரியுமே என்ற கவலைக்கும் ஒரு வழி உண்டு: யாரும் ஆடாத மூலையிலிருந்து வெளுத்த துண்டை எடுத்துப் பழுதான இடத்தில் வைத்துவிட்டு, புதியதை மூலையில் வைக்கலாம்.

தரையில் பள்ளம் தெரிந்தால் அதில் மணலைக் கொட்டி நிரப்பாதீர்கள். மழை நின்ற பிறகும் அதே இடத்தில் நீர் தேங்கினால், ஒன்று வடிகால் துளைகள் அடைபட்டிருக்க வேண்டும், அல்லது கீழே ஜல்லிப் படுகை அமுங்கியிருக்க வேண்டும். படுகைதான் காரணம் என்றால், அருகிலுள்ள இணைப்பைத் திறந்து ஜல்லியைச் சேர்த்து இடித்து இறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கறைகளுக்கு மிதமான சோப்பு நீர் போதும். பிளீச்சிங் கரைசல் நிறத்தைக் கெடுக்கக்கூடும், தின்னர் அடித்துணியின் பூச்சை இளக்கிவிடும்.

ஒரே இடத்தில் இழைகள் சுருண்டு உருகியிருந்தால், புல் தரமற்றது என்று முடிவு கட்டும் முன் சுற்றியுள்ள ஜன்னல்களைப் பாருங்கள். வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள கண்ணாடி, வெயிலை ஒரே புள்ளியில் குவித்து இழைகளை உருக்கிவிடும். அந்தக் கண்ணாடிக்கு வெளிப்புறம் வலையோ திரையோ கட்டிய பிறகே துண்டு வைக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வைத்த துண்டும் அதே இடத்தில் உருகும்.