மாட்ரிட்டில் முதல்முறை: ஓவியம், கடைவீதி, இரவு

மாட்ரிட்டில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். இரவுச் சாப்பாடு ஒன்பதரை, பத்து. ஏழு மணிக்கே பசியோடு போய் நின்றால் பல உணவகங்களில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். இதற்கு ஒரு காரணம் கடிகாரம். லண்டனுக்கு நேர் தெற்கே இருக்கும் ஸ்பெயின் 1940-இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அப்புறம் திருப்பி வைக்கவே இல்லை. ஜூன் கடைசியில் சூரியன் மறையவே ஒன்பதே முக்கால் ஆகிவிடும். ஊரின் இந்த நேரத்துக்கு நீங்கள் மாறிக்கொண்டால் கீழே உள்ள திட்டம் சுலபமாக நடக்கும்.

படி 1: போகும் முன்

ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏப்ரல்–மே அல்லது செப்டம்பர்–அக்டோபர் நல்ல காலம். ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், சின்னக் கடைக்காரர்கள் பலர் கடையைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள்.

அறையை சோல் சதுக்கத்துக்கும் அத்தோச்சா ரயில் நிலையத்துக்கும் இடையில் எடுங்கள். பாதி இடங்களுக்கு நடந்தே போகலாம். மற்றதற்கு மெட்ரோவில் ‘மல்ட்டி’ அட்டை வாங்கி பத்துப் பயணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே அட்டையை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றித் தட்டிக்கொள்ளலாம். விமான நிலையத்துக்கு மட்டும் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு.

படி 2: ஓவியம்

பிராடோ, ரெய்னா சோஃபியா, திஸ்ஸன் ஆகிய மூன்று பெரிய அருங்காட்சியகங்களும் ஒரே சாலையை ஒட்டி, நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். நான்காவது மணி நேரத்தில் எந்த ராஜாவைப் பார்த்தாலும் ஒரே ராஜாவாகத்தான் தெரிவார்.

1819-இல் திறந்த பிராடோவுக்குக் காலையில் டிக்கெட் எடுத்துப் போங்கள். முதலில் வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’. நடுவில் குட்டி இளவரசி, இடப்பக்கம் தூரிகையோடு ஓவியரே நிற்கிறார், பின்சுவர்க் கண்ணாடியில் ராஜாவும் ராணியும். முதலில் தூரத்தில் நின்று பாருங்கள், பிறகு கிட்டே போங்கள். பட்டாடை என்று நினைத்தது வெறும் தூரிகைத் தீற்றலாகக் கலைந்துவிடும். அடுத்து கோயாவின் ‘கறுப்பு ஓவியங்கள்’. வயதான காலத்தில் தன் வீட்டுச் சுவர்களில் வரைந்தவை, பின்னால் துணிக்கு மாற்றினார்கள். பிள்ளையைத் தின்னும் ரோமானியக் கடவுள் சாட்டர்ன் அங்கேதான் இருக்கிறது, சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை பிராடோ இலவசம். ஆனால் வரிசை நீளம். முதல்முறை பார்க்க அந்த இரண்டு மணி நேரம் போதாது என்பது என் கருத்து, பிடித்த படங்களை மறுபடி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

ரெய்னா சோஃபியாவுக்குச் செவ்வாய் விடுமுறை. மற்ற வாரநாட்களிலும் சனிக்கிழமையும் மாலை 7 முதல் 9 வரை இலவசம். அங்கே பிக்காசோவின் ‘கெர்னிக்கா’ இருக்கிறது. 1937 ஏப்ரலில், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், அதே பெயருள்ள பாஸ்க் நாட்டு ஊரின் மேல் ஜெனரல் ஃபிராங்கோவுக்காக ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டதன் பதில் அது. ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலம், கறுப்பு வெள்ளை சாம்பல் மட்டும். ஜனநாயகம் திரும்பாமல் ஸ்பெயினுக்கு வரக்கூடாது என்று பிக்காசோ சொல்லியிருந்ததால் நியூயார்க்கிலேயே காத்திருந்து, 1981-இல்தான் வந்து சேர்ந்தது.

படி 3: கடைவீதி

ஞாயிறு காலை எல் ராஸ்ட்ரோ சந்தை. லா லத்தீனா மெட்ரோவில் இறங்கிக் கூட்டத்தோடு சரிவில் இறங்கினால் போதும். பழைய சாவி, பித்தளை, தோல் பை, இசைத்தட்டு எல்லாம் கிடைக்கும், பேரமும் பேசலாம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், ஜேப்படிக்குப் பேர்போன இடம். மூன்று மணிக்குள் கடை கட்டிவிடுவார்கள்.

துணிக்கு கிரான் வியா தெரு, காசு நிறைய இருந்தால் சலமான்கா வட்டாரம். தள்ளுபடி விற்பனை ஜனவரியிலும் ஜூலையிலும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி ‘டிவா’ படிவம் கேளுங்கள், வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அந்தப் படிவத்தை இயந்திரத்தில் காட்டிவிட வேண்டும்.

படி 4: இரவு

எட்டரைக்கு லா லத்தீனாவின் காவா பாஹா தெருவில் தொடங்குங்கள். ஒரு கடையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, அப்புறம் அடுத்த கடை. சைவக்காரர்கள் “சின் கார்னே” (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடைத் துண்டு வந்து நிற்கலாம், “சின் ஹமோன்” (பன்றித்தொடை இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பதாத்தாஸ் பிராவாஸ் எனும் காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல், வறுத்த பத்ரோன் மிளகாய் இரண்டும் நம் நாக்குக்குப் பிடிக்கும்.

நள்ளிரவில் மலசானா அல்லது சுவேக்கா வட்டாரம். நடன விடுதிகளில் இரண்டு மணிக்கு மேல்தான் ஆள் சேரும். ஆடி முடித்தவர்கள் சான் ஹினேஸில், 1894 முதல் இருக்கும் கடையில், கெட்டிச் சாக்லேட்டில் சூரோ எனும் பொரித்த மாவுக் குச்சியைத் தோய்த்துத் தின்பார்கள். மெட்ரோ நள்ளிரவு தாண்டி நின்று காலை ஆறுக்குத்தான் திறக்கும். இடையில் சிபேலெஸ் சதுக்கத்திலிருந்து ‘பூஹோ’ எனும் இரவுப் பேருந்துகள் ஓடும். இதையெல்லாம் வெள்ளி இரவு வைத்துக்கொண்டால் நல்லது. சனி இரவு ஆடினால் ஞாயிறு ராஸ்ட்ரோவைத் தூக்கத்திலேயே விட்டுவிடுவீர்கள்.