மானுக்கு வேலி: படுவான்கரை வயலுக்கு ஒரு கைவழி

பெரும்போக நெல் ஒரு சாண் உயர்ந்ததும் முதலில் வயலுக்குள் இறங்குவது புள்ளிமான். கதிர் பால் கட்டும்போது பன்றி வரும். விளைந்து தலை சாயும்போது யானை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வெல்லாவெளி, உன்னிச்சை, கிரான் பக்கத்து வட்டைகளிலும் (வயல் தொகுதிகளிலும்), அம்பாறை மாவட்டத்தில் சாகாமம், தாண்டியடி, லாகுகல ஓரங்களிலும் இந்த வரிசை பெரிதாக மாறாது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே வேலியைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம் என்று நினைப்பதுதான் முதல் பிழை. இங்கே சொல்வது மானுக்கும் பன்றிக்குமான மின்வேலி. யானைக்கு வேறு கணக்கு. அதையும் இடையில் தொட்டுக்கொள்வோம்.

எதைச் சுற்றி?

மிருகத்தை வெளியே நிறுத்த ஒரு வேலி, உள்ளே அடைக்க ஒரு வேலி. அடைக்கிற வேலி எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் போதும். அங்கே எட்டடி உயரக் கம்பி வலைக்குள் வெள்ளைவால் மானைக் கொம்புக்காகவே வளர்க்கிறார்கள். கொம்பை அங்குலத்தில் அளந்து, அளவுக்கேற்ற விலை வைத்து, காசு கொடுத்தவரைச் சுட விடுகிறார்கள். 1930களில் நம்முடைய புள்ளிமான் இனத்தையும் கொண்டுபோய் இறக்கினார்கள். அது அங்கே பிறநாட்டு மிருகம் என்பதால் அதற்கு வேட்டைக் காலமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. காட்டு மான் பொதுச்சொத்து என்று சட்டம் சொன்னாலும், சுற்றி வேலி எழும்பியபின் படலைத் திறப்பு யார் கையிலோ அவர் கையில்தான் வேட்டையும். தடம் பார்த்து, காற்றுப் பார்த்து, நாள்கணக்கில் காத்திருந்து சுட்ட பழைய வேட்டைக்காரனுக்கு அங்கே வேலை இல்லை. 1887இல் தொடங்கிய பூன் அன்ட் குரொக்கெட் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் கழகம்கூட அடைப்புக்குள் சுட்ட மிருகத்தின் கொம்பைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை.

நோய் இன்னொரு பக்கம். மானை மெலியவைத்துக் கொல்லும் ஒரு மூளை நோயை 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில்தான் முதலில் கண்டார்கள். எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 2015இல் டெக்சாஸ் மான் பண்ணை ஒன்றிலும் அது தலைகாட்டியது. நெருக்கி அடைத்து, லொறியில் ஏற்றி இடம் மாற்றினால் எந்த நோய்க்கும் கொண்டாட்டம்.

இங்கே கொம்புக்கு மான் வளர்ப்பவர் யாருமில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் (கடமான்) பாதுகாக்கப்பட்டவை. சுடுவதும் பிடிப்பதும் குற்றம். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவானபோது வேடர்களின் வேட்டைக்காட்டின் பெரும்பங்கு எல்லைக்கல்லுக்குள் போய்விட்டது. வேடர் வாழும் வாகரையிலும் பொல்லேபெத்தயிலும் வேட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் நினைவைத்தான் பேசுகிறார்கள். ஆனால் பிழையான கோட்டில் போட்ட ஒரு வயல்வேலி இங்கேயும் டெக்சாஸ் வேலையைச் செய்யும். காட்டின் ஓரத்தை நீளத்துக்கு மறித்தால் மான் ஒரு மூலையில் ஒதுங்கும், தண்ணீருக்குப் போக ஒரே ஒரு இடைவெளி மிஞ்சும், அந்த இடைவெளியில் மூன்றாம் நாள் கம்பிக் கண்ணி தொங்கும். ஆகவே வயலைச் சுற்றி வேலி போடுங்கள். காட்டைச் சுற்றிப் போடாதீர்கள். வன எல்லைக் கோட்டோடு போட்ட யானை வேலிகள் பல இடங்களில் பயனற்றுப் போனதற்கும் காரணம் இதுவே: யானை கோட்டின் இரண்டு பக்கமும் நின்றது.

தடம் பார்த்தல்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலை வரம்போரம் நடந்து பாருங்கள். ஒரு நாள் போதாது, மூன்று விடியல் வேண்டும். இந்த வேலைக்கு ஊரில் வேட்டை தெரிந்த ஒரு வயதாளி கிடைத்தால் கூட்டிக்கொண்டு போங்கள்; எந்த அதிகாரியின் வரைபடத்தைவிடவும் அவர் கண் பெரிது. மான் குளம்பு கூர்மையான இரண்டு பிளவு, ஏறத்தாழ மூன்று விரற்கடை நீளம். மரையினது அதே வடிவில் பெரிது. பன்றிக் குளம்பு மொட்டையாக இருக்கும்; சேற்றில் பின்னால் இரண்டு சின்னக் குழி தனியாக விழும். கிளறிய மண்ணைப் பார்த்தால் பன்றியைப் பற்றிக் கேள்வியே இல்லை.

ஒவ்வொரு தடமும் வரம்பைக் கடக்கும் இடத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டுங்கள். முடிவில் பார்த்தால் பத்துத் துணியில் ஆறு ஏழு இரண்டு மூன்று இடத்தில் குவிந்திருக்கும்: வாய்க்கால் ஓரம், குளக்கட்டின் அடி, பற்றை ஒதுக்கு. அந்தப் பாதையை வேலிக்கு வெளியே விட்டு, வேலியை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயற்காரர் பக்கத்துப் பக்கத்தில் போடுகிறார்களென்றால் நடுவே விடும் ஒழுங்கை ஐம்பது மீற்றராவது இருக்கட்டும். ஐந்து மீற்றர் ஒழுங்கை மானுக்குப் பாதையாகாது. கண்ணி வைப்பவனுக்குத்தான் ஆகும். பட்டி மாடு மேய்ச்சல்தரைக்குப் போகும் வழியையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் கம்பி அறுந்துதான் பதில் வரும்.

மூன்று கம்பி வேலி

மான் ஆறடியைச் சாதாரணமாகத் தாண்டும். எட்டடிக்கு வலை கட்டுவது ஐந்து ஏக்கர்க்காரருக்குக் கட்டுபடியாகாது. அதற்கு மாற்று, உயரத்துக்குப் பதில் அகலம். மானுக்கு எதிரே உள்ள தூரத்தைக் கணிப்பதில் தடுமாற்றம் உண்டு. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு தாழ்ந்த வேலி நின்றால், எங்கே கால் ஊன்றிக் குதிப்பது என்று தெரியாமல் நின்றுவிடும்.

வெளி வரிசையில் ஒரே கம்பி, நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர். அதிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே தள்ளி இரண்டாவது வரிசை, அதில் இரண்டு கம்பி: 25 சென்ரிமீற்றரிலும் 60 சென்ரிமீற்றரிலும். பன்றி கூடுதலென்றால் உள் வரிசையில் 15 சென்ரிமீற்றரில் இன்னொன்று சேருங்கள். பன்றி மூக்கால் கிளப்பிக்கொண்டு நுழையும் மிருகம். அந்த மூக்கு ஈரமானது, மின் அடி நன்றாகப் பிடிக்கும்.

ஐந்து ஏக்கர் சதுர வயலுக்குச் சுற்றளவு ஏறத்தாழ 570 மீற்றர். மூன்று கம்பிக்கு, முடிச்சு, வீணாவது எல்லாம் சேர்த்து 1.8 கிலோமீற்றர். 1.6 மில்லிமீற்றர் கல்வனைஸ் கம்பியென்றால் 28 கிலோ, 2.5 மில்லிமீற்றரென்றால் 70 கிலோ. மானுக்கு மெல்லியது போதும். தூண் ஆறு மீற்றருக்கு ஒன்று, ஒரு வரிசைக்கு 95 வரை. மூலைத்தூண் நான்குக்கும் முட்டுக் கொடுங்கள். அது சரிந்தால் கம்பி முழுக்கத் தொய்யும். தூணுக்குக் காட்டு மரம் வெட்டாதீர்கள். கிளிசரியாத் தடி நட்டால் செலவில்லைதான், ஆனால் மாரி மழைக்குத் துளிர்த்து இலை கம்பியில் முட்டும். நட்டால் பதினைந்து நாளுக்கொரு முறை கத்தியோடு சுற்ற வேண்டும். முள்ளுக்கம்பியில் ஒருபோதும் மின் ஏற்ற வேண்டாம். சிக்கிய மிருகமோ பிள்ளையோ விடுபட முடியாது.

பழைய சைக்கிள் ரியூப்பையும் தண்ணீர்க் குழாயையும் வெட்டிச் சுற்றி இன்சுலேட்டராக்குவது இங்கே வழக்கம். முதல் மழை வரை வேலை செய்யும். வெயிலில் வெடித்து, வெடிப்புக்குள் ஈரம் இறங்கியதும் தூண் வழியாக மின் நிலத்துக்கு ஓடும். வாவிக் காற்றின் உப்பு படியும் இடமென்றால் இன்னும் விரைவு. மூலைகளுக்காவது பீங்கான் வாங்குங்கள்.

மெசின், பற்றரி, பனல்

கம்பிக்கு மின் துடிப்பை அனுப்பும் வேலி மெசின் செக்கனுக்கு ஒரு துடிப்புக்கு மேல் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு துடிப்பும் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஐயாயிரம், ஆறாயிரம் வோல்ற்று இருந்தும் ஆளைக் கொல்லாததற்குக் காரணம் அந்தக் குறுமையும் இடைவெளியும்தான். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்றுத்தானே என்று கம்பியில் நேரே கொளுவினால் அது விடாமல் பாயும்; பிடித்த கை விடாது. மனிதர், மாடு, யானை என்று அதில் செத்தவை ஏராளம். அது வேலியே இல்லை.

மெசின் 0.4 அம்பியர் இழுக்குமென்றால் இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குப் பத்து அம்பியர்-மணி. 60 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், ஆக மூன்று நாள் தாங்கும். நவம்பர், டிசம்பரில் மூன்று நாள் வெயில் காணாமல் மூடிக் கிடப்பது இங்கே சாதாரணம். 30 வாற் பனல் கணக்குக்குச் சரிவரும், மாரிக்குச் சரிவராது. 60 வாற் போடுங்கள். தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சரிவு. அதைவிடத் தட்டையாக வைத்தால் தூசியும் காக்கை எச்சமும் மழையில் கழுவுப்படாது. மோட்டார் வாகனப் பற்றரி மலிவென்று வாங்குவோர் ஒரு போகத்தில் அதைக் கொன்றுவிடுவார்கள். ஆழமாக இறங்கி ஏறும் வகையே வேண்டும்.

வேலி அடிக்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பல நிலக்கம்பியில்தான் முடியும். மிருகத்தின் உடலில் பாய்ந்த மின் நிலம் வழியாக மெசினுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு மீற்றர் நீளக் கல்வனைஸ் கோல் மூன்றை, மூன்று மீற்றர் இடைவிட்டு, தலை மட்டும் தெரிய அடியுங்கள். மூன்றையும் ஒரே கல்வனைஸ் கம்பியால் தொடுங்கள். செப்புக் கம்பியைக் கல்வனைசில் முறுக்கினால் மூட்டு அரித்துப் போகும். வீட்டு மின்சாரத்தின் நிலக்கோலிலிருந்து பத்து மீற்றருக்கு மேல் தள்ளியிருக்கட்டும்.

சோதிப்பது இப்படி. மெசினிலிருந்து நூறு மீற்றர் தள்ளி, இரும்புக் கோல்களைக் கம்பியில் சாத்தி நிலத்தில் குத்தி, வேலி வோல்ற்று இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கும்வரை அழுத்துங்கள். பிறகு கடைசி நிலக்கோலை அளந்து பாருங்கள். முந்நூறு வோல்ற்றுக்குக் குறைவென்றால் நல்லது, கூடினால் இன்னொரு கோல் அடியுங்கள். வேலிக்கென்று விற்கும் மீற்றரால்தான் அளக்க வேண்டும். சாதாரண மீற்றர் கருகிவிடும். சிறுபோகத்தில், ஆடி ஆவணி வெயிலில் மணல் காய்ந்தால் மேலே சொன்ன கோலும் கைவிடும். அப்போது உள் வரிசையின் கீழ்க்கம்பியை மற்றக் கம்பிகளிலிருந்து பிரித்து மெசினின் நிலமுனையோடு இணையுங்கள். மேலும் கீழும் ஒன்றாய்த் தொடும் மிருகத்துக்குக் காய்ந்த மண்ணிலும் அடி விழும்.

முதல் இரவு

மானின் மயிர் உள்ளே பொள்ளல், மின் கடத்தாது. விலாவால் உரசிக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாது. மூக்கால் தொட வைக்க வேண்டும். வெளிக்கம்பியில் பத்து மீற்றருக்கு ஒன்றாக ஈயத்தாள் துண்டை மடித்துத் தொங்கவிட்டு, உட்பக்கம் வறுத்து அரைத்த கச்சான் பசையைத் தடவுங்கள். தாள் நிலாவில் மினுங்கும், மணக்கும்; மான் மோந்து பார்க்கும், ஒரே அடியில் படிக்கும். மெசினை முதல் நாளே போடுங்கள். நெல்லைத் தின்று ருசி கண்டபின் போட்டால் அடியைப் பொறுத்துக்கொண்டு உள்ளே வரும். ஓர் இரவு நிறுத்தினாலும் கண்டுபிடித்துவிடும்.

உள்ளே மான் அகப்பட்டால் நாயை விடாதீர்கள். வெருண்டு ஓடிய மான் காயமே இல்லாமல் சில மணித்தியாலத்தில், சிலவேளை மறுநாள் விழுந்து சாகும். மெசினை நிறுத்தி, காட்டுப்பக்கத்து இரண்டு தூண் இடைவெளியில் கம்பியை இறக்கி, ஆட்கள் எதிர்ப்பக்கம் சத்தமில்லாமல் நின்றால் போதும், பொழுதுபட அது தானாகப் போகும்.

யானை வரும் வட்டையில் இந்த வேலி நிற்காது. அதற்கு 2.5 மில்லிமீற்றர் கம்பி இரண்டு மீற்றர் உயரம்வரை, கனத்த தூண், தூணிலிருந்து வெளியே நீளும் கம்பிக்கை, ஊரோடு சேர்ந்த பராமரிப்பு எல்லாம் வேண்டும். யானை கம்பியைத் தொடாமல் தூணைக் காலால் சாய்க்கப் படித்துக்கொள்ளும். வட்டையின் பொறுப்பாளரான வட்டைவிதானை மூலமாகக் கமநல சேவை நிலையத்தையும் வனஜீவராசிகள் திணைக்களத்தையும் விதைப்புக்கு முன்னமே அணுகுங்கள்.

நடப்பும் கழற்றலும்

காலையில் ஒரு சுற்று, பிழைத்தாலும் இரண்டு நாளுக்கு ஒன்று. கையில் மீற்றரும் கத்தியும். மெசினடியில் ஆறாயிரம், கடைசி முனையில் நாலாயிரத்துக்குக் கீழ் என்றால் எங்கோ புல் முட்டுகிறது. நடுவில் அளந்து, குறையும் பாதியில் மறுபடி நடுவில் அளந்து போனால் நாலைந்து அளவில் இடம் அகப்படும். இலுக்குப் புல்லைக் கம்பியின் இருபக்கமும் ஒரு முழம் வெட்டிவிடுங்கள். அதே நடையில் வேலிக்கு வெளியே முழங்கால் உயரத்தில் கண்ணை ஓடவிடுங்கள்: மோட்டார் சைக்கிள் பிறேக் கேபிளில் செய்த சுருக்கு பற்றையோரம் தொங்கும். கண்டால் கழற்றி, இடத்தைக் குறித்து, வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் வேலி நடத்திவிட்ட மானைத்தான் அது பிடிக்கிறது. கட்டுத்துவக்கின் (நூல் தட்டினால் தானாக வெடிக்கும் பொறித் துவக்கு) நூல் தெரிந்தால் கிட்டப் போகவே வேண்டாம்.

அறுவடை முடிந்ததும் வேலியைக் கழற்றுங்கள். அறுத்த தாளடிக்கு மானும் வரட்டும், மாடும் வரட்டும். பூட்டிய வெறும் வயல் அடுத்த வட்டைக்குத்தான் சுமையைத் தள்ளும். கம்பியை மடக்காமல் பழைய ரயரில் சுற்றி வையுங்கள். மடிந்த இடம் அடுத்த போகத்தில் முறியும். மெசினை வாடியில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பற்றரியை முழுதாக ஏற்றி, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்றி, வடித்த நீர் தட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். 12.2 வோல்ற்றுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த பற்றரி ஐப்பசியில் ஏற்றினாலும் ஓர் இரவுக்கு மேல் நில்லாது.