நாய்க்குட்டியோடு ஏ9 வீதியில்

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் கார் வைத்து ஹயர் ஓடுகிறேன். கலியாணம், விமான நிலையம், ஆஸ்பத்திரி ஓட்டங்களுக்கு நடுவே, கண்டிப் பக்கம் போய் நாய்க்குட்டி ஏற்றி வருகிற ஓட்டமும் இப்போது அடிக்கடி கிடைக்கிறது. லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட், சில வேளை உள்ளங்கைக்குள் அடங்குகிற பொமரேனியன். வழியில் குட்டி படுகிற பாட்டுக்குத் தூரத்தை விட, காரில் கூட வருகிறவர்கள்தான் காரணம் என்பது என் கணிப்பு. வாங்கிய சந்தோஷத்தில் ஆளாளுக்குத் தூக்குவார்கள், கொஞ்சுவார்கள், பிஸ்கற் தீத்துவார்கள். மாத்தளை வர முதல் அது சத்தி எடுத்துவிடும்.

குட்டிக்கு 8 வாரம் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முதல் தாயிடமிருந்து பிரித்துத் தந்தால், என்ன விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். பூச்சி மருந்து எப்போது கொடுத்தது, முதல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு அட்டையைக் கையில் வாங்குங்கள். அங்கே என்ன சாப்பிட்டதோ அதிலேயே நாலைந்து நாளுக்குக் காணக்கூடிய அளவு கேட்டு வாங்கவும். பழைய துணி ஒன்றைக் கொண்டுபோய், தாயின் உடம்பிலும் மற்றக் குட்டிகளிலும் நன்றாகத் தேய்த்து எடுங்கள். வழியில் அழுகையை அடக்க அந்த வாசம் போல வேறொன்றும் உதவாது.

பிஸ்கற் வந்த மட்டைப் பெட்டி வேண்டாம். ஒரு தடவை மூத்திரம் போனால் அடி கழன்றுவிடும். மரக்கறி போடுகிற, காற்றுப் போகிற பிளாஸ்டிக் கூடைதான் நல்லது. அடியில் கடதாசி, அதன் மேல் பழைய துவாய், அதற்கு மேல் அந்த வாசத் துணி. மேலே மூடியோ வலையோ கட்டிவிடுங்கள். கூடையை முன் சீற்றுக்குப் பின்னால், தரையில் இறுக்கி வையுங்கள். குலுக்கல் குறைந்த இடம் அது. ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்கக் கூடாது. நாய் செத்த வீட்டில் கூடை இரவல் வாங்குவதென்றால், முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஊற வைத்துக் கழுவிக் காய விடுங்கள். பார்வோ என்பது குட்டிகளைக் கழிச்சலில் கொல்லுகிற கிருமி, சும்மா கழுவினால் போகாது.

கடைசிச் சாப்பாடு புறப்பட 3, 4 மணித்தியாலம் முதல் முடிந்திருக்க வேண்டும். கண்டியில் விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏற முதல் வவுனியாவைக் கடந்துவிடலாம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதியின் 321 கிலோமீற்றரில் குட்டிக்குக் கஷ்டமான பகுதி முதல் பகுதிதான். அக்குறணை, மாத்தளை வளைவுகளில் நான் ஆறுதலாகத்தான் ஓட்டுவேன். தம்புள்ளைக்குப் பிறகு வீதி நேராகிவிடும். குட்டி உதட்டை நக்கி, அடிக்கடி கொட்டாவி விட்டு, வீணீர் வடித்தால் சத்தி வரப்போகிறது என்று அர்த்தம். உடனே ஓரம் கட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், எந்தச் சாரதிக்கும் சீற் கழுவுவதை விட நிற்பது சுகம்.

அழுகிறதே என்று மடியில் வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. "அண்ணை, பாவம், கொஞ்ச நேரம் வச்சிருக்கிறன்" என்பார்கள். "தம்பி, அதைக் கூடைக்குள்ளை விடுங்கோ" என்பேன். மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் மாடு குறுக்கே வந்து நின்றால் நான் மிதிக்கிற பிரேக்குக்கு மடியிலிருக்கிற குட்டி தப்பாது. விரலைக் கூடை ஓட்டைக்குள் விட்டு மணக்கக் கொடுங்கள், போதும். பத்து நிமிடத்தில் தூங்கிவிடும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிறுத்தி இரண்டு மிடறு தண்ணீர் கொடுங்கள். சின்ன இனக் குட்டிக்குப் பாதி வழியில் அதன் சாப்பாட்டிலேயே ஒரு கரண்டி கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி இறங்கித் துவண்டுவிடும். மாட்டுப்பால், பால்மா கரைத்துக் கொடுத்தால் வயிற்றாலே போகும். காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு நஞ்சு. மனிதருக்கான பயண மாத்திரையும் மிருக வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம்.

நிற்கிற இடத்தில் குட்டியை மண்ணில் இறக்காதீர்கள். ஊசி முழுதாகப் போடாத குட்டி அது. தெருநாய் போய்வந்த மண்ணில் பார்வோ மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். டிக்கியைத் திறந்து, உள்ளே கடதாசி விரித்து அதில் விட்டால் காரியம் முடிந்தது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிற்காமல் வர எந்த யாழ்ப்பாணத்தானாலும் முடியாது. தேங்காய் உடைக்க வேண்டும், கச்சான் வாங்க வேண்டும். போங்கள், ஆனால் ஒருவர் ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருக்க வேண்டும். முறை வைத்துப் போய்க் கும்பிடலாம், பிள்ளையார் கோபிக்க மாட்டார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்பது சுத்தப் பொய். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் 10 பாகை ஏறும். குட்டி வாயைப் பிளந்து இளைத்து, பல் முரசு கடும் சிவப்பாகித் தள்ளாடினால், சாதாரண குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து விசிறி, வழியிலிருக்கிற மிருக வைத்தியரிடம் போங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

வீடு வந்ததும் அயலட்டை முழுவதும் படலையில் நிற்கும். "வைரவற்ற வாகனம் வந்திட்டுது" என்று அம்மம்மா திருநீறு பூச வருவா, பூசட்டும். மற்றவர்கள் நாளைக்குப் பார்க்கலாம். மூத்திரம் போக வளவில் நீங்கள் நினைத்திருக்கிற மூலையில் விட்டு, தண்ணீர் காட்டி, விறாந்தையில் ஒதுக்குப்புறமாகப் படுக்க விடுங்கள். சத்தி மணக்கிறதென்று அன்றைக்கே கிணற்றடிக்குக் கொண்டுபோக வேண்டாம், வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். முதல் இரவு கூடையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அட்டையோடு அடுத்த நாளே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ, இரத்தத்தோடு கழிந்தாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

சீற்றில் கொட்டிய இடத்தில் ஈரத்தை ஒற்றி எடுத்து, அப்பச்சோடாவைத் தடிப்பாகத் தூவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் தட்டிவிட்டால் மணம் போய்விடும். இரண்டு பக்கெற் வாங்கித் தந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அடுத்த ஹயரில் நான் நூறு ரூபா குறைப்பதுண்டு.