ரக்பி லீக் முன்கள வீரராக உருவாவது எப்படி?

பந்தை ஏந்தி ஓடியும், எதிராளிகளைப் பிடித்து நிறுத்தியும் ஆடும் ரக்பி லீக்கில், அணியின் 13 பேரில் ஆறு பேர் முன்கள வீரர்கள்; உடல் மோதல் மிகுந்த ஆட்டம் இவர்களுடையது. ஆடும் இடத்துக்கு ஏற்பச் சட்டை எண் அமையும்; மரபுப்படி 8, 10 எண்கள் ப்ராப்புகளுக்கும், 9 ஹூக்கருக்கும், 11, 12 இரண்டாம் வரிசைக்கும், 13 லாக்குக்கும் உரியவை. ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் (தேசிய ரக்பி லீக்), இங்கிலாந்தின் சூப்பர் லீக் ஆகிய தொழில்முறைப் போட்டிகளை எட்ட விரும்புபவர், முதலில் ஒரு கிளப்பின் இளையோர் அணியில் இடம்பிடிக்க வேண்டும்.

உடல் எடையை மட்டும் கூட்டினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. ஒவ்வொரு டேக்கிளுக்குப் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) பிறகும் தற்காப்பு அணி 10 மீட்டர் பின்வாங்கி, உடனே மீண்டும் முன்னேற வேண்டியிருப்பதால், களைப்படையச் செய்வது மோதலைவிட இந்த ஓட்டமே என்பேன். ஆகவே, தரையில் விழுந்து எழுந்து பின்னோக்கி ஓடும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள்.

டேக்கிள் செய்யும்போது கடைசி இரண்டு அடிகளைச் சிறிதாக வைத்து, முழங்காலை மடக்கி, தோளை எதிராளியின் இடுப்புக்கு மேலே பதித்து, கைகளால் இறுகச் சுற்றிக்கொள்ளுங்கள். தலை எப்போதும் அவருடைய உடலுக்குப் பக்கவாட்டில் இருக்கவேண்டும். ஓடிவரும் பாதைக்குக் குறுக்கே தலையை வைப்பதால்தான் பல காயங்கள் நேர்கின்றன.

பந்தோடு ஓடுபவர் பிடிபட்டதும் விரைந்து எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்ட வேண்டும். இதில் மிச்சமாகும் ஒரு நொடியில்தான் எதிரணியின் தற்காப்பு குலைகிறது. எனவே முதுகு தரையில் படாமல், வயிறு கீழே இருக்குமாறு விழப் பழகுவது மிக முக்கியம்.

தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ தோன்றினால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டிலேயே வேறொரு தொழிற்கல்வியையும் தொடங்கிவிடுங்கள். முப்பதுகளின் நடுவில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றுவிடுகின்றனர்.