மெயில் சர்வர் மாற்றும் முன் டிடிஎல்லைக் குறையுங்கள்

அலுவலக மெயிலைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது எல்லோருடைய கவனமும் பழைய மெயில்களை நகலெடுப்பதிலேயே இருக்கும். தகராறு வருவது பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில்தான், அதாவது டொமைன் பெயருக்கு எந்த சர்வர் என்று சொல்லும் பதிவேட்டில்.

உங்கள் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு; பிறர் அதை எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்பதுதான் டிடிஎல். அது 86400 என்று இருந்தால், நீங்கள் பதிவை மாற்றிய பிறகும் 24 மணி நேரம் வரை சிலருடைய மெயில் பழைய சர்வருக்கே போகும். அதனால் இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிடுங்கள். மாற்றுகிற அன்றைக்குக் குறைத்துப் பயனில்லை; பழைய மதிப்பு ஏற்கெனவே பிறரது கேஷில் (தற்காலிக நினைவில்) உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் எஸ்பிஎஃப், அதாவது உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு. மாற்றம் முடியும்வரை பழைய சர்வர், புதிய சர்வர் இரண்டுமே அதில் இருக்க வேண்டும். அதற்காக இன்னொரு எஸ்பிஎஃப் பதிவு போட்டுவிடாதீர்கள். ஒரே டொமைனுக்கு இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும். இருக்கிற வரியிலேயே சேர்த்துவிடுங்கள். மெயிலில் டிஜிட்டல் கையொப்பமிடும் டிகேஐஎம் சாவிக்கு மட்டும் புதிய செலக்டர் (சாவியை அடையாளம் காட்டும் பெயர்) வைத்துக்கொள்ளலாம், பழையதை அழிக்க வேண்டியதில்லை.

பழைய சர்வரை உடனே அணைக்காதீர்கள், ஒரு வாரமாவது ஓடட்டும். கடைசியில், மெயில்களை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஐமேப்சிங்க் கருவியை மறுபடி ஓட்டினால் விடுபட்டவை வந்துவிடும். இந்தக் கருவி பயன்படுத்தும் ஐமேப் என்ற மெயில் படிக்கும் முறை வழியாக மெயில் மட்டும்தான் வரும். காலண்டரையும் தொடர்பு முகவரிகளையும் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். இதைப் பயனர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை காலை உங்கள் போன் ஓயாது.

சரி, பழைய சர்வர் வழியாக மெயில் அனுப்பும் ஸ்கேனர், பில்லிங் மென்பொருள்? அவற்றின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) அமைப்பையும் மாற்ற வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.